வெயில் காலத்துல மாட்டோட வயித்துக்குள்ள என்ன நடக்குது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பொறந்தா போதும், கத்திரி முடியற வரைக்கும் எனக்கு வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் ஒரே மாதிரி வாய்ஸ் மெசேஜ்தான், பால் குறைஞ்சு போச்சு, மாடு தின்ன மாட்டேங்குது, மூச்சு வாங்குது, சினை நிக்கல. எல்லாரும் கொட்டகைக்கு என்ன ஷீட் போடறது, எந்த ஃபேன் வாங்கறதுன்னு கேக்கறாங்க, அதுவும் வேணும்தான், ஆனா வெயில் மாட்டை அடிக்கிறது தோலுல இல்ல, வயித்துலயும் குடல்லயும். அதைப் புரிஞ்சுகிட்டா மீதி எல்லாம் தானா புரியும். அதனால கறவை மாட்டை வச்சே இதை எழுதறேன், ஆடு கோழி நாய் பத்தி கடைசியில கொஞ்சம் இருக்கு.

கே: என் மாட்டுக்கு வெயில் தாக்கம் இருக்கா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது.

மூச்சை எண்ணுங்க, அது போதும். மத்தியானம் ரெண்டுல இருந்து நாலு மணிக்குள்ள மாட்டுக்கு ஒரு பக்கமா கொஞ்சம் தள்ளி நின்னுகிட்டு, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல இருக்கற பள்ளம் ஏறி இறங்கறதை முப்பது செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. நல்லா இருக்கற மாடு நிமிஷத்துக்கு 20-ல இருந்து 40 தடவை மூச்சு விடும். 60-ஐத் தாண்டிட்டா வெயில் தாக்க ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம், 80, 90 போனா உள்ள சேதம் நடந்துகிட்டு இருக்கு. வாயைத் தொறந்து நாக்கை வெளிய போட்டு எச்சில் கயிறு மாதிரி தொங்குச்சுன்னா அது அவசரம், உடனே டாக்டரைக் கூப்பிடணும்.

தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கறதும் நல்லதுதான், மெடிக்கல்ல கிடைக்கற சாதாரண டிஜிட்டலே போதும், ஆசனவாய்ல வச்சுப் பாக்கணும். 101-ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை நார்மல். சாயங்காலம் 103-க்கு மேல நிக்குதுன்னா கவனிங்க, 106 வந்துட்டா உயிருக்கே ஆபத்து.

கே: எங்க ஊரு கடலோரம், 35 டிகிரிக்கு மேல போறதே இல்ல. கரூர்ல 40 அடிக்குது. அப்போ எங்க மாட்டுக்குப் பரவாயில்லைதானே?

இல்லைங்க, பல நாள்ல உங்க மாட்டுக்குத்தான் கஷ்டம் அதிகம். மாடு சூட்டை வெளிய தள்றது வேர்வையும் மூச்சும் ஆவியா போறதுல, காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சிருந்தா ஆவியாகறதுக்கு இடம் இல்ல. அதுக்குத்தான் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு கணக்கு வச்சிருக்காங்க, டி.எச்.ஐ.ன்னு சொல்வாங்க. 72-ஐத் தாண்டினா கறவை மாட்டுக்குத் தொந்தரவு ஆரம்பம், நிறைய கறக்கற மாட்டுக்கு 68-லயே ஆரம்பம். அந்தக் கணக்குல போட்டா 40 டிகிரி, 20 சதவீத ஈரம் இருக்கற எடத்துல 84 வருது, 35 டிகிரி, 60 சதவீத ஈரம் இருக்கற கடலோரத்துல 87 வருது. இன்னொண்ணும் பாருங்க, 25 டிகிரியும் 50 சதவீத ஈரமும் இருந்தாலே 72 கிட்ட வந்துடுது. அதாவது நமக்கு இதமா இருக்கற நாள்லயே எச்.எஃப். கிராஸ் மாட்டுக்கு (குளிர் தேசத்து ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் இனத்தோட கலப்பு) எல்லை தொட்டாச்சு, நம்ம ஊர்ல வருஷத்துல பாதிக்கு மேல அது எல்லையைத் தாண்டித்தான் வாழுது.

கே: வெளிய சூடு சரி. மாட்டுக்கு உள்ளயே சூடு இருக்குன்னு சொல்றீங்களே, அது என்ன?

எருக்குழிக்குள்ள கையை விட்டுப் பாத்திருப்பீங்க, மேல ஆறிக்கிடக்கும் உள்ள சுடும், நுண்ணுயிர் மக்க வைக்கிற சூடு அது. மாட்டோட பெருவயித்துலயும், அதாவது வயித்தோட முதல் பெரிய அறையிலயும், அதேதான் நடக்குது. நூறு லிட்டருக்கு மேல கொள்ளளவு, அதுக்குள்ள கோடிக்கணக்கான பாக்டீரியா, புரோட்டோசோவா, பூஞ்சை எல்லாம் சேந்து வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைக்குது. அதனால பெருவயித்தோட சூடு எப்பவும் உடம்பு சூட்டை விட ஒரு டிகிரி பக்கமா கூடவே இருக்கும். அதுக்கு மேல பால் சுரக்கற வேலையிலயும் சூடு வருது, 15 லிட்டர் கறக்கற மாட்டுக்கு 5 லிட்டர் கறக்கற மாட்டை விட உள்சூடு நிறைய.

குளிர் தேசத்துல இந்த உள்சூடு மாட்டுக்கு வரம், பனியிலயும் தாக்குப் பிடிக்கும். நம்ம ஊர்ல சித்திரை மாசத்துல அதுதான் பாரம். அதனாலதான் மாடு முதல்ல தீனியைக் குறைக்குது. அது நோய் இல்ல, தன்னைக் காப்பாத்திக்க அது பண்ற முதல் வேலை, எரியறதைக் குறைச்சா சூடு குறையும்னு அதோட உடம்புக்குத் தெரியுது. அதுலயும் நார் அதிகமா இருக்கற காஞ்ச வைக்கோலைத்தான் முதல்ல ஒதுக்கும், ஏன்னா நார் நொதிக்கும்போதுதான் சூடு ஜாஸ்தி. வைக்கோலை விட்டுட்டு தவிடு புண்ணாக்கு மட்டும் திங்குதேன்னு திட்டாதீங்க, காரணம் இதுதான். ஆனா அங்கதான் அடுத்த பிரச்சனையும் ஆரம்பிக்குது.

கே: அசை போடறதே குறைஞ்சு போச்சு, வாயில எச்சில் ஒழுகிகிட்டே இருக்கு. வயித்துல ஏதாவது மாட்டிகிச்சா?

பெரும்பாலும் மாட்டிக்கல. இதைத்தான் நான் எல்லாருக்கும் கொஞ்சம் விளக்கமா சொல்ல ஆசைப்படறேன், பொறுமையா படிங்க.

பெருவயித்துல தீவனம் நொதிச்சா அமிலம் வரும், வரணும், மாட்டுக்கு சத்தே அந்த அமிலத்துல இருந்துதான் கிடைக்குது. ஆனா அது சேந்துபோகாம சமன் பண்றது எச்சில். நல்லா அசை போடற பெரிய மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டர் பக்கமா எச்சில் சுரக்கும், அதுல பைகார்பனேட் இருக்கு, நம்ம வீட்டு ஆப்ப சோடாவுல இருக்கறதே அதுதான். அது வயித்துக்குள்ள போய் அமிலத்தை அடக்கி பி.எச்.சை (புளிப்பைக் காட்டற அளவு, எண் குறைஞ்சா புளிப்பு அதிகம்) 6-க்கு மேல நிக்க வைக்கும்.

வெயில்ல என்ன ஆகுதுன்னா நாலு பக்கமும் ஒரே நேரத்துல அடி விழுது. வைக்கோல் திங்கல, அதனால அசை குறையுது, அசை குறைஞ்சா எச்சில் குறையுது. சுரந்த எச்சிலும் வயித்துக்குள்ள போகாம வாய் வழியா தரையில ஒழுகுது. மூணாவது, வேகமா மூச்சு விடறதுல ரத்தத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுது, ரத்தம் காரத்தன்மைக்குப் போகுது, அதை சரி பண்ண கிட்னி பைகார்பனேட்டை மூத்திரத்துல தள்ளி விடுது, அப்போ எச்சிலுக்குப் போக வேண்டிய பைகார்பனேட்டே உடம்புல குறைஞ்சு போயிடுது. நாலாவது, பகல்ல தின்னாத மாடு ராத்திரி கொஞ்சம் குளுந்ததும் பசியில தொட்டியில இருக்கற தீவனத்தை ஒரே மூச்சுல தின்னு தீர்க்குது, அமிலம் ஒரே நேரத்துல ஏறுது. பி.எச். 5.8, 5.5-க்குக் கீழ இறங்கிடுது. இதுக்குப் பேர்தான் மறைமுக அமில நோய். வயிறு பெருசா வீங்காது, மாடு படுத்துக்காது, அதனால நிறைய பேருக்குத் தெரியறதே இல்ல. சாணி இளகி நுரை நுரையா விழும், அதுல முழு மக்காச்சோளமும் செரிக்காத நாரும் தெரியும், ஒரு நாள் திங்கும் ஒரு நாள் திங்காது, பால்ல ஃபேட் இறங்கும். இதோட பெருவயித்தோட அசைவும் மெதுவாகுது, போன தீனி உள்ளயே தங்குது, வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்கறதால அடுத்த வேளையும் பசிக்காது.

ரெண்டு மூணு மாசம் கழிச்சு, மழையெல்லாம் பெஞ்சு முடிஞ்ச பிறகு, மாடு நொண்டும். குளம்புல சேதம். அப்போ யாருக்கும் சித்திரை வெயில் ஞாபகம் வராது, கல்லு குத்திருச்சுன்னுதான் நினைப்பாங்க.

கே: பால் சொசைட்டில ஃபேட் குறையுதுன்னு சொல்றாங்க. தண்ணி கலக்கவே இல்லைங்க.

நம்பறேன். மேல சொன்னதுதான் காரணம். வைக்கோல், புல்லுல இருக்கற நார் நொதிச்சு வர்ற அமிலத்துல இருந்துதான் பால்ல கொழுப்பு உருவாகுது. நார் உள்ள போகலன்னா, வயிறு புளிச்சுப்போனா ஃபேட் இறங்கும், எஸ்.என்.எஃப்.பும் (பால்ல கொழுப்பு போக மிச்ச திடப்பொருள்) கோடையில இறங்கும். இதுக்கு மருந்து வாங்கறதுக்கு முன்னாடி மாடு எவ்வளவு நேரம் அசை போடுதுன்னு பாருங்க. படுத்திருக்கற மாடுகள்ல பாதிக்கு மேல வாயை அசைச்சுகிட்டு இருக்கணும்.

கே: தீனி குறைஞ்சதாலதான் பால் குறையுதுன்னா, தவிடு, புண்ணாக்கு மாதிரி அடர்தீவனத்தைக் கூட்டினா பால் திரும்பி வந்துடுமா?

வராது. தயவு செஞ்சு கூட்டாதீங்க. இதை அமெரிக்காவுல சோதனையாவே பண்ணிப் பாத்திருக்காங்க, ஒரு கூட்டம் மாட்டை வெயில்ல வச்சாங்க, இன்னொரு கூட்டத்தைக் குளுமையில வச்சு, வெயில் மாடு எவ்வளவு திங்குதோ அதே அளவு மட்டும் குடுத்தாங்க. குளுமையில இருந்ததுக்கும் பால் குறைஞ்சுது, ஆனா வெயில் மாட்டுக்குக் குறைஞ்ச அளவுக்கு இல்ல. பால் குறைவுல மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா பாதிதான் தீனிக் கணக்கு. மீதி எல்லாம் உடம்புக்குள்ள நடக்கற மாத்தம். அந்த மீதி எங்க போகுதுன்னு அடுத்த கேள்வியில சொல்றேன்.

கே: குடலுக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?

உடம்புல ரத்தம் ஒரு அளவுதான் இருக்கு. சூட்டை வெளிய விடணும்னா ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பணும். அப்போ எங்கிருந்தாவது எடுக்கணும் இல்லையா, குடல்ல இருந்துதான் எடுக்குது. குடலோட உள்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல், ரத்தமும் ஆக்சிஜனும் நிறைய கேக்கற எடம் அது. ரத்தம் குறைஞ்சதும் அந்த செல்லுங்க வாடுது, ஒண்ணோட ஒண்ணு இறுக்கமா ஒட்டிகிட்டு இருந்த கட்டு விடுது, இடைவெளி வருது. குடலுக்குள்ள செத்துப்போன பாக்டீரியாவோட விஷப்பொருள் எப்பவும் இருக்கும், நல்ல குடல் அதை உள்ள விடாது. இப்போ கசிஞ்சு ரத்தத்துல கலந்து நேரா ஈரலுக்குப் போகுது.

அதைப் பாத்ததும் உடம்பு கிருமி நுழைஞ்சுடுச்சுன்னு சண்டைக்குக் கிளம்பிடுது. அந்தச் சண்டைக்கு எரிபொருள் குளுக்கோஸ். பாலுல இருக்கற சர்க்கரைக்கும் அதே குளுக்கோஸ்தான் வேணும். இப்போ புரியுதா, அடர்தீவனத்தைக் கூட்டியும் பால் ஏன் வரலன்னு? மாடு தின்னதுல ஒரு பங்கு மடிக்கு வராம இந்தச் சண்டைக்குப் போகுது. சாதாரணமா பட்டினி கிடக்கற மாடு உடம்புக் கொழுப்பைக் கரைச்சு சமாளிக்கும், வெயில்ல தவிக்கற மாட்டுக்கு இன்சுலின் ஏறிப்போய் கொழுப்பும் சரியா கரையறதில்ல, தசையைக் கரைக்குது. அதனாலதான் கோடை முடிஞ்சதும் தொடையும் முதுகும் வத்திப்போய் நிக்குது.

அமில நோய் இருக்கற மாட்டுக்கு பெருவயித்துச் சுவரும் புண்ணாகி அங்கயும் கசியும், ரெண்டும் சேந்துகிட்டா மடிநோய், கர்ப்பப்பை நோய் எல்லாத்துக்கும் எதிர்ப்பு சக்தி படுத்துடும். வெயில்ல வர்ற பாதி நோய்க்கு வேர் குடல்ல இருக்குன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றது இதனாலதான்.

கே: ஈரல், கிட்னி, இருதயம் இதெல்லாம் பாதிக்குமா?

பாதிக்கும். இருதயம் வேகமா அடிக்குது. கிட்னி ஒரு பக்கம் தண்ணியைக் காப்பாத்தணும், இன்னொரு பக்கம் பைகார்பனேட்டை வெளிய தள்ளணும், அதோட சோடியமும் போகுது. மாட்டோட வேர்வையில பொட்டாசியம்தான் அதிகமா போகும், நம்ம வேர்வையில சோடியம். அதனால மாட்டுக்கு வெறும் உப்பு மட்டும் குடுத்தா போதாது, பொட்டாசியம் உள்ள பச்சைத்தீவனமும் வேணும். தைராய்டு சுரப்பு இறங்குது, உள்சூட்டைக் குறைக்க உடம்பு பண்ற ஏற்பாடு அது. ஈரலைப் பத்தி மேலயே சொல்லிட்டேன், குடல் கசிவோட முதல் அடி அதுக்குத்தான்.

கே: தண்ணி எவ்வளவு குடுக்கணும்? நாங்க மூணு வேளை தண்ணி காட்டறோம்.

மூணு வேளை தண்ணி காட்டற பழக்கத்தைத்தான் கோடையில முதல்ல விடணும். தவிடு, கழுநீர் கலந்த தண்ணியை மட்டும் காட்டினா மாடு தவிட்டுக்காகக் குடிக்குதே தவிர தாகத்துக்குக் குடிக்கறதில்ல. வெறும் தண்ணி ராத்திரி பகல் முழுக்க எட்டற தூரத்துல இருக்கணும். பால் கறக்கற கலப்பின மாடு கோடையில 80-ல இருந்து 100 லிட்டர் குடிக்கும், சில மாடு அதுக்கு மேலயும் குடிக்கும். பால்லயே 87 சதவீதம் தண்ணிதானே. கறந்து முடிச்சதும், தீனி தின்னதும் குடிக்கறதுதான் அதிகம், அந்த நேரத்துல தொட்டி காலியா இருக்கக் கூடாது.

தண்ணியோட சூட்டையும் பாருங்க. கொட்டகை மேல கருப்பு சின்டெக்ஸ் டேங்க், அங்கிருந்து வெயில்லயே ஓடி வர்ற பி.வி.சி. பைப், மத்தியானம் அந்தக் குழாயைத் தொறந்தா முதல்ல வர்ற தண்ணியில கை வைக்க முடியாது. அதைத்தான் மாடு குடிக்கணும்னு எதிர்பாக்கறோம். டேங்குக்கு வெள்ளை அடிங்க, மேல கீத்து போடுங்க, பைப்பை ஒரு அடி மண்ணுக்குள்ள புதைங்க, தொட்டியை நிழல்ல வைங்க. இவ்வளவு மலிவான வைத்தியம் வேற எதுவும் இல்ல.

கே: கல்யாண மண்டபத்துல மீந்த சாதம் கிடைக்குது, மாடு ஆசையா திங்குது. குடுக்கலாமா?

வேண்டாம், அதுவும் கோடையில வேண்டவே வேண்டாம். வைகாசி முகூர்த்தமும் கத்திரி வெயிலும் ஒண்ணா வருது, அந்த நேரத்துல வர்ற அவசரக் கேஸ்ல இதுதான் எனக்கு மனசு கஷ்டமான கேஸ். வெந்த சோறு பெருவயித்துல சில மணி நேரத்துல லாக்டிக் அமிலமா மாறிடும். ஏற்கனவே எச்சில் இல்லாம விளிம்புல நிக்கற வயிறு அது. ஒரு அன்னக்கூடை சாதம் தின்ன மாடு காலையில எழுந்திரிக்காது, கண்ணு உள்ள போயிடும், சாணி தண்ணியா புளிச்ச வாடையோட போகும், அடுத்த நாளே செத்துப்போறதும் உண்டு. பொங்கல், கேசரி, பாயாசம், பலாப்பழத் தோல் கூடைக்கணக்குல, எல்லாம் இதே கதைதான். தின்னுடுச்சுன்னு தெரிஞ்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே டாக்டரைக் கூப்பிடுங்க, முதல் சில மணி நேரத்துல காப்பாத்திடலாம்.

கே: சோடா உப்பு (ஆப்ப சோடா) குடுக்கலாமா? எவ்வளவு?

பால் கறக்கற மாட்டுக்குக் குடுக்கலாம். 10, 15 லிட்டர் கறக்கற மாட்டுக்கு நாளைக்கு 50-ல இருந்து 100 கிராம், ரெண்டு வேளையா பிரிச்சு தீவனத்துல கலந்து குடுங்க, தாது உப்புக் கலவை தனியா வழக்கம் போல. ஆனா கன்னு போட ரெண்டு மூணு வாரமே இருக்கற சினை மாட்டுக்கு சோடா உப்பு குடுக்காதீங்க, கன்னு போட்டதும் பால் காய்ச்சல் (ரத்தத்துல கால்சியம் குறைஞ்சு மாடு படுத்துக்கற நோய்) வர வாய்ப்பு கூடும். சோடா உப்பு குடுக்கறோமேன்னு அடர்தீவனத்தை ஏத்தறதும் தப்பு.

கே: எந்த நேரத்துல என்ன தீவனம் குடுக்கறது?

தின்ன தீனியோட சூடு உச்சத்துக்கு வர சில மணி நேரம் ஆகும். காலையில 9, 10 மணிக்கு வயிறு நிறைய குடுத்தா அந்தச் சூடும் உச்சி வெயிலும் ஒண்ணா சேந்துக்கும். அதனால விடியறதுக்கு முன்னாடி ஒரு பங்கு, மீதியை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் ரெண்டு மூணு தடவையா பிரிச்சுக் குடுங்க. மொத்தத்துல மூணுல ரெண்டு பங்கு ராத்திரிப் பக்கம் போகட்டும். பகல்ல பச்சைப்புல் கொஞ்சம் கொஞ்சமா போடலாம்.

கோடையில பச்சை கிடைக்காம வெறும் வைக்கோலும் நிறைய தவிடும்னு ஓட்டறது ரொம்ப பேர் பண்றது, வயித்துக்கு அதை விட மோசமான ஜோடி கிடையாது. கோ-4, கோ-5 புல்லு கொஞ்சம் இருந்தாலும் முத்த விடாம அறுத்து, நறுக்கி, வைக்கோலோட கலந்து போடுங்க. வைக்கோல் மேல லேசா தண்ணி தெளிச்சு ராத்திரி போட்டா நல்லா திங்கும். அகத்தி, வேலிமசால், சூபாபுல் இதெல்லாம் வேலியோரத்துல இருந்தா கோடையில தங்கம். பருத்திக்கொட்டை அளவா குடுக்கலாம், அதுல இருக்கற கொழுப்பு நொதிக்காம சத்தா போகறதால சூடு கம்மி. ஆனா கடலை எண்ணெயைக் கால் லிட்டர், அரை லிட்டர்னு நேரா ஊத்தாதீங்க, பெருவயித்து நுண்ணுயிருக்கு அது ஆகாது.

கே: மாட்டு மேல தண்ணி ஊத்தறோம், அப்படியும் மூச்சு வாங்குது.

தண்ணி ஊத்தறதுல குளுமை வர்றதில்ல, ஊத்தின தண்ணி ஆவியாகறதுலதான் வருது. அதுக்குக் காத்து வேணும். தோல் நனையற அளவுக்கு ஊத்திட்டு, ஃபேனைப் போட்டு காய விட்டு, திரும்ப நனைக்கணும். முடி மேல பனி மாதிரி படியற மெல்லிய ஸ்ப்ரே கடலோரத்துல பிரயோஜனம் இல்ல, அது கொட்டகை ஈரத்தைத்தான் ஏத்தும். மடி வழியா தண்ணி வழிய விடாதீங்க, மடிநோய் வரும். தகர ஷீட்டா இருந்தா மேல தென்னங்கீத்து போடுங்க. வேப்பமரத்தடி இருந்தா அங்க கட்டறது எந்தக் கொட்டகையையும் விட மேல்.

கே: வெயில் காலத்துல போட்ட சினை ஊசி எதுவுமே நிக்கல.

கருமுட்டை சினைப்பைக்குள்ள வளர்றப்பவே சூடு பட்டா கெட்டுப்போகுது, அதனால வெயில் குறைஞ்ச பிறகும் ஒன்றரை, ரெண்டு மாசம் வரைக்கும் சினை பிடிக்கறது கம்மியாத்தான் இருக்கும். பருவ அறிகுறியும் மங்கலா இருக்கும், ராத்திரியில வந்து போயிடும், கத்தாது, அதனால விடிகாலையில வழும்பு இருக்கான்னு பாருங்க. ஊசி போட்டு முதல் மூணு நாள் கரு ரொம்ப மென்மை, ஊசி போட்ட கையோட மாட்டை வெயில்ல நடத்திக் கூட்டிட்டு வராதீங்க.

கே: பால் வத்தின சினை மாட்டுக்கு பெருசா கவனிப்பு வேணாம்தானே?

அதுக்குத்தான் அதிகம் வேணும்! நிறைய எடத்துல கறவை மாட்டுக்கு ஃபேன், வத்தின மாடு வெளிய மொட்டை வெயில்ல. கடைசி ரெண்டு மாசத்துலதான் மடியில புது சுரப்பி செல் வளருது, அப்போ சூடு தாக்கினா அடுத்த ஈத்து முழுக்க பால் குறையும். கன்னு எடை குறைஞ்சு பொறக்கும், சீம்பால் குடிச்சாலும் அதோட எதிர்ப்பு சக்தியை குடல் சரியா உறிஞ்சாது, அந்தக் கிடாரி வளந்து கறவைக்கு வந்தாலும் கம்மியாத்தான் கறக்கும். ஒரு கோடையோட அடி அடுத்த தலைமுறை வரைக்கும் போகுது.

கே: நாட்டு மாட்டுக்கும் எருமைக்கும் இதெல்லாம் உண்டா?

காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் மாதிரி நம்ம மாட்டுக்கு வேர்வைச் சுரப்பி பெருசு, தோலுக்குப் பக்கத்துலயே இருக்கு, கழுத்துக்குக் கீழ தொங்கற அலைதாடி, குட்டை முடி, உள்சூடும் கம்மி. அதே வெயில்ல எச்.எஃப். மூச்சு வாங்கறப்ப இது நிம்மதியா அசை போடும். பால் கம்மிதான், ஆனா வெயில் தாங்கற குணத்தை எந்த மருந்தும் குடுக்க முடியாது, கலப்பினத்துலயும் நாட்டு ரத்தம் கொஞ்சம் இருக்கட்டும்னு நான் சொல்றது அதுக்குத்தான்.

எருமைக்கு நேர்மாறு. கருப்புத் தோல் வெயிலை இழுக்குது, வேர்வைச் சுரப்பியும் ரொம்பக் கம்மி. குளத்துல, சேத்துல கிடக்கறது அதுக்குப் பொழுதுபோக்கு இல்ல, உயிர் பிழைக்கற வழி. குளம் இல்லன்னா நாளைக்கு ரெண்டு மூணு தடவை உடம்பு முழுக்க நனைக்கணும்.

கே: ஆடு, கோழி?

வெள்ளாடு நல்லா தாங்கும், மெச்சேரி மாதிரி முடி குட்டையான செம்மறியும் தாங்கும், நிழலும் தண்ணியும் குடுத்து காலை, சாயங்காலம் மட்டும் மேய விடுங்க.

கோழிக்கு வேர்வைச் சுரப்பியே கிடையாது, உடம்பு சூடு சாதாரணமாவே 41, 42 டிகிரி செல்சியஸ், மூச்சு ஒண்ணுதான் வழி. மூச்சு வாங்கி கார்பன் டை ஆக்சைடு போயிட்டா முட்டை ஓட்டுக்கான கார்பனேட் குறையுது, அதனாலதான் கோடையில ஓடு மெலிஞ்சு உடையுது, கால்சியம் மட்டும் அள்ளிப் போட்டா தீராது. கோழியோட குடலும் மாடு மாதிரியே கசியும், கழிச்சல் வரும். உச்சி வெயிலுக்கு நாலஞ்சு மணி நேரம் முன்னாடியே தீவனத்தை நிறுத்திட்டு சாயங்காலம் குடுங்க, நிப்பிள் லைன்ல (கோழி தண்ணி குடிக்கற குழாய்) சூடேறின தண்ணியை மத்தியானம் தொறந்து விட்டு புதுத் தண்ணி ஏத்துங்க.

கே: வீட்டு நாய் வெயில்ல மயங்கி, ரத்தமா கழியுது. விஷம் வச்சுட்டாங்களா?

விஷமும் காரணமா இருக்கலாம், ஆனா வெயில்ல கட்டி வச்சிருந்தாலோ கார்ல விட்டிருந்தாலோ ஹீட் ஸ்ட்ரோக்கை முதல்ல நினைங்க. குடலோட உள்தோல் உரிஞ்சு வர்றதாலதான் அந்த ரத்தம். கிட்னியும் ரத்தம் உறையற தன்மையும் ஒரே நாள்ல கெட்டுடும். முதல்ல குழாய்த் தண்ணியால நனைச்சு ஃபேன் போட்டு குளுமை பண்ணுங்க, பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. பக், ஷிட்சு மாதிரி மூக்கு சப்பை நாய்க்கு ஆபத்து ரொம்ப ஜாஸ்தி.

கே: மாடு வெயில்ல சுருண்டு விழுந்துட்டா என்ன பண்றது? பாராசிட்டமால் குடுக்கலாமா?

நிழலுக்கு நகர்த்துங்க, முடியலன்னா அங்கயே நிழல் கட்டுங்க. தலை, கழுத்து, தொடைன்னு விடாம தண்ணி ஊத்தி விசிறுங்க, கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்கு போன் பண்ணுங்க. தானா குடிச்சா தண்ணி வைங்க, ஆனா மூச்சு வாங்கற மாட்டுக்கு மூங்கில் குழாயிலயோ பாட்டில்லயோ வாயில ஊத்தவே கூடாது. நுரையீரலுக்குள்ள போயிடும், வெயில்ல பிழைச்ச மாடு நிமோனியாவுல சாகும்.

பாராசிட்டமால் வேலை செய்யாது. காய்ச்சல்ல மூளையே சூட்டை ஏத்துது, மாத்திரை அந்தக் கட்டளையை இறக்கும். இங்க மூளை இறக்கத்தான் பாக்குது, முடியல. அதோட தண்ணி வத்தின உடம்புல வலி மாத்திரை கிட்னிக்கும் குடலுக்கும் இன்னும் சுமை. ஒண்ணு மட்டும் கவனிங்க, வாடின இளஞ்சோளப் பயிரையோ அறுத்த தாள்ல துளுத்த குருத்தையோ மேஞ்சுட்டு விழுந்திருந்தா அது சயனைடு விஷம், நிமிஷக்கணக்குல உயிர் போகும். போன் பண்றப்பவே எதை மேஞ்சுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

கே: மழை பெஞ்சு குளுந்தாச்சு. பழைய அளவுக்குத் தீவனத்தை ஏத்திடலாமா?

ஒரே நாள்ல ஏத்தாதீங்க. வெயிலோட பாதிப்பு பால்ல தெரியறதே ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான், அதே மாதிரி குளுந்ததும் வயிறு உடனே பழைய நிலைக்கு வந்துடாது, குடல் சுவர் ஆறணும், பெருவயித்து நுண்ணுயிர் திரும்பப் பெருகணும். முதல்ல புல்லு, வைக்கோலை வயிறு நிறைய குடுங்க, அசை நல்லா வந்த பிறகு அடர்தீவனத்தை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை அரைக் கிலோ கணக்குல ஏத்தி பத்து, பதினஞ்சு நாள்ல பழைய அளவுக்கு வாங்க. புது மழைக்குத் துளுத்த இளம்புல்லை வெறும் வயித்துல மேய விட்டா உப்புசம் வரும், கொஞ்சம் வைக்கோல் போட்டுட்டு அவுத்து விடுங்க. ஆடி, ஆவணி வரைக்கும் நடையைக் கவனிச்சுகிட்டே இருங்க, குளம்பு வலி தெரிஞ்சா அப்பவே காட்டுங்க.